ஒரு ரூபாய் மரம்

(ஜனவரி 5 ஞாயிறு அன்று நம் சங்கத்தின் புத்தாண்டு சந்திப்பில் பேசியது. சிலர் எழுத்தில் கேட்டதால், பேசியதை ஒட்டியே எழுதித் தந்திருக்கிறேன்.)



செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். பின்னால் போண்டா வாசனை வர ஆரம்பித்துவிட்டது. அதனால் நீங்கள் எவ்வளவு நேரம் பொறுப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பழைய மரத்தில் வீட்டுச் சாமான் செய்வதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் தச்சன் இல்லை. பி.காம். படித்தவன். 1981-லிருந்து 2019 வரை ஒரு வங்கியில் கிளார்க். ஊர் மாற்றிவிடுவார்கள் என்று பயந்து, பிரமோஷன் வேண்டாம் என்று இரண்டு தடவை எழுதிக் கொடுத்தவன். எனக்குத் தெரிந்தது கணக்கு ஒன்றுதான். அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

எந்தச் சாமானுக்கும் வருஷா வருஷம் தேய்மானம் எழுதுவோம். நாற்காலி மேசைக்கு வருமான வரிக் கணக்கில் 10 சதவீதம். குறைந்துசெல் இருப்பு முறையில் எழுதினால் அது ஒருநாளும் பூஜ்யம் ஆகாது. 100 ரூபாய் நாற்காலி 40 வருஷம் கழித்தும் புத்தகத்தில் ஏறக்குறைய ஒன்றரை ரூபாயாக நிற்கும். நேர்கோட்டு முறையில் எழுதித் தீர்த்தாலும், பொருள் இன்னும் கையில் இருக்கிறது என்பதற்கு அடையாளமாக ஒரு ரூபாய் மட்டும் விட்டுவைக்கிற பழக்கம் உண்டு. எங்கள் கிளையில் ஒரு நீளமான தேக்குக் கவுன்ட்டர் அப்படி ஒரு ரூபாய்க்கு நின்றது. கிளையைப் புதுப்பித்தபோது அதைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டு, சன்மைக்கா ஒட்டிய புதுக் கவுன்ட்டர் போட்டார்கள். மூன்று மழைக்காலம் போனதும் புதுக் கவுன்ட்டரின் அடிப்பாகம் பிஸ்கெட் மாதிரி ஊறி உப்பிவிட்டது. அன்றைக்கு நானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேன். அதே தப்பை நானே செய்வேன் என்று அப்போது தெரியாது.

கும்பகோணம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்கள் அப்பா வீடு இருந்தது. அம்மாவும் போன பிறகு பூட்டியே கிடந்தது. ஓடு சரிந்து, மழைநீர் கூடத்தில் நின்றது. 2021-ல் மனையை விற்றோம். வீட்டை இடித்துத் தரவேண்டும் என்று வாங்குகிறவர் சொல்லிவிட்டார். இடிப்பவர் ஒருவரைப் பிடித்தோம். உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும். பழைய வீடென்றால் இடிப்பதற்கு நாம் பணம் கொடுப்பதில்லை, அவர்தான் நமக்குக் கொடுப்பார். கதவு, ஜன்னல், உத்திரம், கைமரம், ஓடு எல்லாம் அவருக்கு. அதை விற்றுத்தான் அவர் கூலியும் லாபமும் எடுக்கிறார்.

அந்த ஒப்பந்தத்தை நான்தான் படித்தேன். தொகை எழுத்திலும் எண்ணிலும் ஒன்றாக இருக்கிறதா, தேதி சரியா, சாட்சி இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். 38 வருஷப் பழக்கம். கையெழுத்துப் போட்டேன். ‘கட்டடத்தில் உள்ள மரச்சாமான்கள் அனைத்தும்’ என்ற வரியையும் படித்தேன். அந்த ‘அனைத்தும்’ என்ற சொல்லுக்குள் எங்கள் வாசக்கதவு இருக்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது நிலையோடு கதவு போயிருந்தது. விசாரித்தால், ஏற்கெனவே கைமாறி வேறு ஊருக்குப் போய்விட்டது என்றார்கள். அவர்மேல் தப்பே இல்லை. காரைக்குடிக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், அங்கே பழைய வீட்டுக் கதவுகளையும் பர்மா தேக்குத் தூண்களையும் விற்பதற்கென்றே கடைகள் இருக்கின்றன. எந்தக் கதவுக்கு எங்கே விலை என்பது அவர் தொழில். அது தெரியாதவன் நான். என் தங்கை போனில் கேட்டாள்: “அண்ணே, வாசக்கதவ மட்டும் எடுத்து வச்சிட்டீங்கல்ல?” அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

அந்த இடத்தில் மிச்சம் இருந்தது கூடத்து ஜன்னலின் இரண்டு கதவும், நாலு துண்டு கைமரமும். “அது உளுத்தது சார், எடுத்துக்குங்க” என்றார். ஒரு டெம்போவில் வேறொருவர் சாமானோடு ஏற்றி இங்கே கொண்டுவந்தேன். இன்று கீழே லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பெஞ்ச் அதுதான்.

அது ஏன் லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். கைமரத்தை வெட்ட மனசு வராமல் ஆறரை அடி நீளத்துக்குச் செய்யச் சொல்லிவிட்டேன். லிஃப்டில் நுழையவில்லை. படிக்கட்டுத் திருப்பத்திலும் திரும்பவில்லை. அன்றைய செயலாளர் “ஒரு வாரம் இங்கயே இருக்கட்டும் சார்” என்றார். நாலாவது வருஷம் நடக்கிறது. முதல் பாடம் இது: செய்வதற்கு முன்னால் வாசலையும் லிஃப்டையும் அளந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது பாடம் ஆணி. பழைய மரத்துக்குள் எத்தனை ஆணி ஒடிந்து உட்கார்ந்திருக்கிறது என்று வெளியில் தெரியாது. ஆசாரி முதல் கைமரத்தை மிஷினில் கொடுத்ததும் டங்கென்று ஒரு சத்தம், பிளேடு போயிற்று. அவர் கண்ணுக்குப் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன். அதன் பிறகு அவரே ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். கெட்டுப்போன ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தை எடுத்து, துணியில் சுற்றி, மரத்தின்மேல் மெதுவாக நகர்த்த வேண்டும். இரும்பு இருக்கிற இடத்தில் கையைப் பிடித்து இழுக்கும். அங்கே சாக்பீஸால் குறி போட்டு, ஆணியைப் பிடுங்கின பிறகுதான் ரம்பமோ இழைப்புளியோ மரத்தைத் தொடவேண்டும். கண்ணாடி போடாமல் அந்த வேலைக்கு உட்காரவே கூடாது.

மூன்றாவது பாடத்தைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம். ஆனால் இன்னும் எட்டு நாளில் போகி, அதனால் சொல்லியே ஆகவேண்டும்.

அந்த ஜன்னல் கதவுகளில் பச்சைப் பெயிண்ட், அதற்கு அடியில் நீலம், அதற்கும் அடியில் இன்னொரு பச்சை. பால்கனியில் உட்கார்ந்து உப்புத்தாள் வைத்து நாலு நாள் தேய்த்தேன். வீடெல்லாம் பச்சைத் தூள். என் பேத்திக்கு அப்போது ஒரு வயசு, தவழ்கிற பருவம், கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகும். நாலாம் நாள் என் மருமகள் வந்து நின்று, “மாமா, இந்தப் பெயிண்ட் எந்த வருஷத்துது?” என்று கேட்டாள். 1970 இருக்கும் என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் கலப்பது அந்தக் காலத்தில் சர்வசாதாரணம். நிறம் பளிச்சென்று நிற்கும், சீக்கிரம் காயும். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்று நம் நாட்டில் சட்டபூர்வமான விதி வந்ததே 2016-ல், அமலுக்கு வந்தது 2017 நவம்பரில். ஈயத்தூள் சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பெரியவர்களுக்கும் ஆகாது. குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தோம். முடிவு வர மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தது.

அதனால் சொல்கிறேன். பழைய பெயிண்ட் அடித்த மரத்தைக் காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். தண்ணீர் தெளித்து, ஈரமாகவே தேய்க்கவேண்டும். கீழே பிளாஸ்டிக் விரிப்பு, முகத்துக்கு என்-95 மாஸ்க். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது. முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, விரிப்பை அப்படியே சுருட்டிக் கட்டிவிட வேண்டும், துடைப்பத்தால் பெருக்கக்கூடாது. பெயிண்ட் உரியாமல் கெட்டியாக இருந்தால் அதை விட்டுவிட்டு, மேலே புதுப்பூச்சு கொடுப்பதே மேல். நெருப்புக் காட்டி உரிப்பது கூடவே கூடாது. பெயிண்ட் அடித்த பழைய கட்டையைப் போகியில் எரிப்பதும் இதே கணக்குத்தான். ஈயம் எரிந்து இல்லாமல் போவதில்லை, புகையிலும் சாம்பலிலும் இருக்கும். கோலம் போடுகிற வாசலில் அந்தச் சாம்பல் விழவேண்டுமா?

சரி, எதை எடுக்கலாம், எதை விடலாம்? வேகமாகச் சொல்கிறேன்.

பழைய தேக்கு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள் என்று சொல்லமாட்டேன், தட்டிப் பார்த்து எடுங்கள். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் கெட்டி மரம் கணீரென்று பேசும், உளுத்த மரம் பொத்பொத்தென்னும். சின்னச் சின்ன ஓட்டைகளும், அடியில் மாவு மாதிரித் தூளும் இருந்தால் உள்ளே புழு இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் உங்கள் நல்ல அலமாரிக்கும் பரவும். ஓரத்தில் மட்டும் உளுத்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு மீதியை எடுக்கலாம். என் கைமரங்களில் இரண்டு அப்படித்தான் தேறின.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குச் சாமான் வருகிற பைன் மரப் பெட்டிகளும் பலகைத் தட்டுகளும் பழைய மரக்கடைகளில் கிடைக்கும். இலேசான மரம், ஷெல்ஃபும் செடித்தொட்டி ஸ்டாண்டும் செய்ய நல்லது. வெளிநாட்டுப் பெட்டிகளில் கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்றிருந்தால் பூச்சி சாகும்படி சூடேற்றிய மரம், எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் விட்டுவிடுங்கள். இந்த எம்.பி. நாடாளுமன்றத்துக்குப் போகிறவர் இல்லை. மெத்தில் புரோமைடு என்ற விஷவாயு. எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கறை இருந்தாலும் வேண்டாம்.

பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். இரண்டுக்கும் மறுபிறவி கிடையாது. மரத்தூளைப் பசை போட்டு அழுத்தியது. கழற்றினால் திருகாணி மறுபடி பிடிக்காது, தண்ணீர் பட்டால் உப்பும், அறுத்தால் வருகிற தூளில் பசையும் சேர்ந்து வரும். தெருவில் கிடக்கிற சோபாவும் மெத்தையும் எவ்வளவு நல்லதாகத் தெரிந்தாலும் தொடாதீர்கள். மூட்டைப்பூச்சி வாடகை கொடுக்காது, காலியும் பண்ணாது.

சின்ன வேலைகளில் தொடங்குங்கள். ஜன்னல் சட்டத்தில் முகம் பார்க்கிற கண்ணாடி பொருத்தலாம். மிச்சத் துண்டில் சாவி மாட்டுகிற பலகை செய்யலாம், பழைய கொக்கிகளே போதும். நாலாவது மாடியில் என் வீட்டு வாசலில் இருக்கிற செருப்பு ஸ்டாண்ட் நான் தனியாகச் செய்தது. கொஞ்சம் சாய்ந்திருக்கும். என் மனைவி அதை ‘ஓய்வூதியர்’ என்று கூப்பிடுகிறாள்.

இதில் பணம் மிச்சமா என்று கேட்பீர்கள். பெஞ்ச் கணக்கைச் சொல்கிறேன். டெம்போ 1,500. ஆசாரிக்கு இரண்டு நாள் கூலி 2,400. பாலிஷ், உப்புத்தாள், திருகாணி 900. உடைந்த பிளேடு 350. மொத்தம் 5,150 ரூபாய். ரத்தப் பரிசோதனையை நான் கணக்கில் எழுதவில்லை. தேக்கில் இந்த நீளத்துக்குப் புது பெஞ்ச் இந்த விலைக்கு வராது. ஆனால் பைன் மரத்தில் செய்த ஷெல்ஃபுக்கு ஆன செலவில் பிளாஸ்டிக் ஷெல்ஃப் இரண்டு வாங்கியிருக்கலாம். ஆகவே நல்ல மரமாக இருந்தால் லாபம், சாதா மரமாக இருந்தால் பொழுதுபோக்கு. இன்னொன்று, மரம் நம்முடையது என்பதற்காக ஆசாரியிடம் கூலியைக் குறைத்துப் பேசாதீர்கள். புதுப் பலகையைவிடப் பழையதில்தான் அவருக்கு வேலை அதிகம்.

மதிப்பு தெரியாமல் கொடுத்துவிடுவது நான் மட்டும் செய்த தப்பு இல்லை. சண்டிகர் கதையைச் சொல்கிறேன். 1950-களில் அந்த நகரத்தைக் கட்டியபோது, லெ கார்பூசியேயின் உறவினரான பியர் ஜான்னரே அரசு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலி, மேசை வடிவமைத்துக் கொடுத்தார். உள்ளூர்த் தச்சர்கள் செய்தார்கள். காலப்போக்கில் பிரம்பு அறுந்தது, கால் ஆடியது. மொட்டை மாடியில் குவித்து, உதவாத சாமான் என்று ஏலம் விட்டார்கள். வாங்கிப் போன வியாபாரிகள் பழுது பார்த்து, வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் விற்றார்கள். அதன் பிறகு, 2011-ல், இவற்றை விற்கக்கூடாது, வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்று மத்திய உள்துறை அமைச்சகம் உத்தரவு போட்டது. அரசாங்கத்தின் புத்தகத்திலும் ஒரு ரூபாய் மரம்தான் அது.

நம் வீட்டு நாற்காலிக்கு லட்சம் வராது, ஆசைப்படவேண்டாம். நான் சொல்ல வந்தது வேறு. பழையதை வெளியே அனுப்புகிற அவசரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நின்று பார்க்கலாம். முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறதே, 1996-ல் திறந்தது. அங்கே நாம் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுகிற பழைய வீடுகளில் பல, சொந்த ஊரில் பிரித்து எடுத்து, இங்கே கொண்டுவந்து மறுபடி கட்டியவை. யாரோ இடிப்பதற்கு முன்னால் நின்று பார்த்ததால் அவை இருக்கின்றன.

இப்போது நம் கட்டடத்துக்கு வருகிறேன். போன வருஷம் மட்டும் ஏழு வீடுகளில் மர ஜன்னலை எடுத்துவிட்டு யு.பி.வி.சி. போட்டோம். நானும் போட்டேன், மழைச்சாரல் வருவதில்லை, நல்லதுதான். ஆனால் எடுத்தது தேக்கு. “பழச நாங்களே இலவசமா எடுத்துட்டுப் போயிடறோம்” என்று பொருத்த வந்தவர்கள் சொன்னார்கள். நாம் நன்றி சொல்லி, டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். இந்த வருஷம் சி பிளாக்கில் இன்னும் பத்து வீடு மாற்றப் போகிறார்கள் என்று கேள்வி.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் மூன்று. முதலாவது, யார் வீட்டில் மரச்சாமான் வெளியே போகிறதோ, ஒரு வாரம் முன்னால் நம் குழுவில் ஒரு போட்டோ போடுங்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்வார். இரண்டாவது, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் இருக்கிற ஷெட்டில் மழை படாத ஒரு மூலை கொடுங்கள். பி பிளாக்கில் ஒரு அம்மா, இடம் குப்பைக் கிடங்காகிவிடும் என்று போன கூட்டத்தில் சொன்னார். அவர் சொன்னது சரி. என் கார் நிறுத்துகிற இடத்திலேயே எட்டு மாசம் கட்டை அடுக்கி வைத்திருந்து, தீயணைப்பு ஆய்வுக்கு முன்னால் அவசரமாகக் காலி செய்தவன் நான். அதனால் கெடுவோடு கொடுங்கள். 30 நாள், அதற்குள் எடுக்காவிட்டால் காயலான் கடைக்கு. டீசல், மின்சார மீட்டர், படிக்கட்டு, இந்த மூன்றின் பக்கத்திலும் ஒரு துண்டு மரம்கூட இருக்கக்கூடாது.

மூன்றாவது சங்கத்துக்கு இல்லை, உங்களுக்கு. இங்கே பலருக்கு ஊரில் பூட்டிய வீடு ஒன்று இருக்கும். விற்கிற நாள் வரும், வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் இடிப்பவரிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்துவாருங்கள். கூடப்பிறந்தவர்களுக்குப் போன் செய்து யாருக்கு எது வேண்டும் என்று கேளுங்கள். அதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதுங்கள்: ‘வாசல் கதவும் நிலையும் நீங்கலாக.’ அதற்காக அவர் தொகையில் கொஞ்சம் குறைப்பார். குறைக்கட்டும். அந்த ஒரு வரிக்கு இன்றைக்கு நான் என்ன விலை வேண்டுமானாலும் கொடுப்பேன், ஆனால் வாங்குகிற இடம் இல்லை.

என் தங்கை போன தீபாவளிக்கு வந்திருந்தாள். லிஃப்ட் வர நேரமாகிறது என்று அந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். இருக்கைப் பலகையில் விரல் நுழைகிற அளவு ஒரு ஓட்டை இருக்கிறது. ஆசாரி மக்கு வைத்து அடைத்துவிடலாம் என்றார், நான் வேண்டாம் என்று விட்டது. ஜன்னல் தாழ்ப்பாள் இருந்த இடம். அவள் விரல் தற்செயலாக அதில் பட்டது. குனிந்து பார்த்தாள். “இது கூடத்து ஜன்னல்தானே?” என்றாள். ஆமாம் என்றேன். கதவைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. லிஃப்ட் வந்து, திறந்து, மூடி, மேலே போய்விட்டது. கொஞ்ச நேரம் இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு மேல் நான் கீழேதான் இருப்பேன். ஆடுகிற நாற்காலி, கீல் கழன்ற கதவு, ஸ்டூல் என்று எது இருந்தாலும் கொண்டுவாருங்கள், பார்க்கலாம். மாஸ்க்கும் கண்ணாடியும் கொண்டுவராதவர்களுக்கு உப்புத்தாள் தரமாட்டேன்.

போண்டா ஆறுகிறது.